எதிர்வீட்டு டிரைவரும் நம் கண்டக்டரும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நடமாடுகிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுத மட்டும் கை வரமாட்டேன் என்கிறது. பயந்துவிடாதே, முழுவதும் படி. உன் அம்மாவுக்கு மழை வந்ததிலிருந்து முட்டிவலி கூடியிருக்கிறது, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டடத்துத் தண்ணீர் மோட்டார் மறுபடி படுத்துவிட்டது. உன் மகள், நம் பொடிசுக்கு முன்பல் ஒன்று விழுந்தது உனக்குத் தெரியும், இரண்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் ஓட்டைப் பல்லோடு திரிகிறார்கள். மாப்பிள்ளைக்கு அந்த இருமல் நின்றதா? குளிர்ந்த காற்றில் வாயை மூடிக்கொண்டு நடக்கச் சொல்.

தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீடு எவ்வளவு பெரிய அரண்மனை என்று உனக்குத் தெரியாதா, சமையலறையில் கரண்டி விழுந்தால் குளியலறையில் இருப்பவர் திடுக்கிடுவார். போனில் நான் எதைச் சொன்னாலும் பொடிசின் காதில் விழும், இப்போது அவள் எல்லாவற்றையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாள். அதனால் அவள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலை நம்பினால் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் உனக்குக் கிடைக்கும், எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்பிவிடுகிறேன். இதெல்லாம் எதிர்வீட்டு டிரைவரையும் அவளையும் பற்றியது. அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். போகவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

அவரை நீ மறந்திருக்க மாட்டாய். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி போன பிறகு தனியாக இருப்பவர், படியில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்து "பிரேக் போடு, பிரேக் போடு" என்று கத்துவார், அதனால் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாரும் அவருக்கு பிரேக் என்றே பெயர் வைத்திருந்தார்கள். மோட்டார் தகராறில் உன் அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அந்த மனுஷன் வாயைத் திறந்தா ஹாரன்தான் என்பாள். நம் பொடிசு உன்னை விட்டு இங்கே வந்த புதிதில் ஒருநாள் படியில் ஓடியிருக்கிறாள், அவர் வழக்கம்போலக் கத்தியிருக்கிறார், மற்றப் பிள்ளைகள் என்றால் சிரித்துக்கொண்டே ஓடிவிடும், இவள் நின்று, நாலு படி திரும்பி ஏறி, "டிக்கெட் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாளாம். அவர் சட்டைப் பையைத் தடவி, "பாஸ் வெச்சிருக்கேன் கண்டக்டர்" என்றாராம். அன்றிலிருந்து அவர் அவளுக்கு டிரைவர், அவள் அவருக்குக் கண்டக்டர், தாத்தா என்ற பேச்சே இல்லை. அந்த உரிமை எனக்கு மட்டும்தான் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பள்ளி விட்டு வந்ததும் பால் டம்ளரைக் காலி செய்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடிவிடுவாள். அவருடைய முன்னறையில் நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, அவர் கையில் அகலத் தட்டு ஒன்று ஸ்டியரிங், இவள் கழுத்தில் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் கொடுத்த விசில். ஒரு விசில் என்றால் நிறுத்தம், இரண்டு விசில் என்றால் ரைட். அவர் விளையாட்டுக்கென்று பெட்டிக்குள் கிடந்த பழைய டியூட்டி ஷூவை எடுத்துப் போட்டுக்கொள்வார், செருப்புக் காலோடு வண்டியைத் தொடமாட்டாராம். கண்டக்டர் ரைட் குடுக்காம வண்டி ஒரு இன்ச் நகரக்கூடாது, டிரைவர் ஒத்துக்காம கண்டக்டரும் எதையும் செய்யக்கூடாது, அதுதான் தொழில் தர்மம் என்று அவர் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நானே வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். இன்னொன்றும் சொல்வார், வண்டிக்குள்ள நடந்தது வண்டியோட, டிப்போவுக்குப் போகக்கூடாது, செக்கர் ஏறினா நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சு. நான் சிரித்தேன். உன் அம்மா மட்டும், விளையாடறது சரி, கதவைத் திறந்து வெச்சுட்டு விளையாடச் சொல்லுங்க என்றாள். கதவு திறந்துதான் இருந்தது. எப்போது மூடிக்கொண்டது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், மழை தொடங்கிய பிறகு என்று தோன்றுகிறது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அவருடைய மகன் வேறு ஊரில் வேலையாக இருக்கிறான், நல்ல பிள்ளை, பொறுமையில்லாத பிள்ளை. போன வருடம் இவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து, என்னோடு வந்துவிடுங்கள் என்று தொந்தரவு செய்துகொண்டிருந்தான், இவர் பிடிவாதமாக மறுத்தார். கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பேருந்திலிருந்து கழற்றிய பழைய ரப்பர் பந்து ஹாரன் ஒன்று அவருடைய பால்கனிக் கம்பியில் கட்டியிருக்கும், காலையில் எழுந்ததும் அதை ஒருமுறை அமுக்க வேண்டும், இந்தப் பக்கம் நான் கேட்க வேண்டும், கேட்கவில்லை என்றால் மகனுக்குச் சொல்ல வேண்டும். இன்னொரு தடவை ஏதாவது ஆனால் பேச்சே கிடையாது, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்பது மகனுடைய நிபந்தனை. நான் தேநீர் குடிக்கிற நேரத்துக்கு "பாம்" என்று சத்தம் வரும், கட்டடமே திட்டும், எனக்கு நிம்மதியாக இருக்கும். அவன் அவ்வப்போது போன் செய்து, சார், ஹாரன் அடிச்சாரா என்பான், அடிச்சார்ப்பா என்பேன்.

மழை தொடங்கிய பிறகு அந்தச் சத்தம் மாறியது. முன்பெல்லாம் தடியாக, நீளமாக ஒரே மூச்சில் வரும், இப்போது மெலிந்து, பாதியில் அறுந்து, மறுபடி ஒட்டிக்கொண்டு வந்தது, பிள்ளைகள் ஊதத் தெரியாமல் பலூன் ஊதுவதுபோல. ஈரத்தில் ரப்பர் கெட்டிருக்கும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். பொடிசு அந்த நேரத்தில் வீட்டில் இல்லாததைப் பார்த்தேன், செய்தித்தாளை அவருக்குக் கொடுத்துவிட்டு வருவது அவளுடைய வேலை, நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் அவர் வீட்டுச் சாவியை அவளே எடுத்துக்கொண்டு போவாள். ஹாரன் கேட்டது, அவளும் வந்துவிட்டாள், பள்ளிக்குப் போய்விட்டாள். மகன் கேட்டபோது அடிச்சார்ப்பா என்று சொன்னேன்.

ஒருநாள் சாப்பிடும்போது அவள் என்னிடம், "தாத்தா, ஆள் உயிரோட இருக்கும்போது கால் மட்டும் சாகுமா?" என்று கேட்டாள். என்னைத்தான் உனக்குத் தெரியுமே, கேள்வி கேட்கிற பிள்ளையைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை, உடனே எடுத்துக்காட்டுக்குப் போய்விட்டேன். தெருமுனை மரத்தைப் பார்த்திருக்கிறாயே, ஒரு கிளை காய்ந்து கறுத்திருக்கும், மற்றக் கிளைகளில் இலை இருக்கும், மரம் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அந்தக் கிளையை விட்டுவைத்தால் கறுப்பு மெல்ல இறங்கி மரம் முழுவதையும் தின்றுவிடும், அதனால் வெட்டிவிட வேண்டும் என்றேன். எங்கே வெட்டணும் என்றாள். கறுப்பில் வெட்டினால் பயனில்லை, அதைத் தாண்டிப் பச்சை தெரிகிற இடத்தில் வெட்ட வேண்டும் என்று கரண்டிக் காம்பில் விரல் வைத்துக் காட்டினேன். அவ்வளவு கவனமாகக் கேட்டாள். வகுப்பில் முதல் பெஞ்சில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் போதும் என்று உன் அம்மாவிடம் பின்னால் சொன்னேன். பிள்ளை மேல என்னமோ வாடை வருது, தலைக்கு ஊத்தணும் என்று உன் அம்மா வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்து வந்த விடுமுறை நாளில் உன் அம்மாவின் துணி வெட்டுகிற கத்தரிக்கோலைக் காணவில்லை. அந்தக் கத்தரியை நான் தொட்டாலே எனக்கு அர்ச்சனை நடக்கும், காகிதம் வெட்டிக் கூர்மையைக் கெடுத்துவிடுவேனாம். தையல் மெஷின் இழுப்பறை, அலமாரி, என் மேசை எல்லாவற்றையும் கலைத்து, நீங்கதான் எடுத்திருப்பீங்க, வாத்தியார் வேலை பார்த்தவங்க கையில எது கிடைச்சாலும் சாக்பீஸ்தான் என்று சண்டைக்கு வந்தாள். என் மேசையில் சிவப்பு மைப் பேனாவும் இல்லை. பொடிசும் இல்லை. நான் கதவுக்குப் பின்னால் பார்த்தேன், ஆணியில் சாவி இல்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை மகளே, செருப்புக்கூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

அவர் வீட்டுக் கதவு பூட்டவில்லை, சாத்தியிருந்தது. திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. ஜன்னல் திரைகள் இழுத்து விட்டிருந்தன, முன்னறை நாற்காலிகள் பேருந்து மாதிரியே வரிசையாக இருந்தன, யாரும் இல்லை. உள்ளறையில் அவர் கட்டிலில் கிடந்தார், கண் பாதி மூடி, உதடு வெடித்து, காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தது. விரல்களும் பாதத்தில் பாதியும் கறுத்திருந்தன, கறுப்புக்கு மேலே கணுக்காலைச் சுற்றி என் சிவப்பு மையில் ஒரு கோடு, அடிமட்டம் வைத்ததுபோல நேராக. பக்கத்தில் முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் விசில், மடியில் துண்டு விரித்து அதன்மேல் உன் அம்மாவின் கத்தரி, காலடியில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். நான் கத்தினேன் போலிருக்கிறது. அவள் நிமிர்ந்து, "கத்தாதீங்க தாத்தா, நான் ரெண்டு விசில் குடுத்துட்டேன், டிரைவர் முழிச்சு ரைட் சொல்லணும், அதுக்காகத்தான் உக்காந்திருக்கேன்" என்றாள்.

அவர் அன்றைக்கு எழுந்து ரைட் சொல்லியிருந்தால் என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன். இப்போதும் போய்விட்டுத்தான் வந்தேன்.

நடந்தது இதுதான். அந்தப் பழைய ஷூவின் முன்பகுதியில் ஆணி ஒன்று உள்பக்கம் எழும்பியிருக்கிறது. சர்க்கரை நோயில் அவருக்குப் பாதத்தில் உணர்ச்சியே இல்லை, வண்டி ஓட்டி முடிக்கும் வரை குத்தியது தெரியவில்லை. டிரைவர், உங்க ஷூவுல பெயின்ட் ஒழுகுது என்று முதலில் சொன்னதே இவள்தான். மகனுக்குத் தெரிந்தால் வீட்டைப் பூட்டிவிடுவான் என்ற பயத்தில் அவர், இது வண்டிக்குள்ள நடந்தது கண்டக்டர் என்று சொல்லியிருக்கிறார். அவளும் சரி என்றிருக்கிறாள். அவரால் பால்கனி வரை நடக்க முடியாமல் போனதும் அவளே முக்காலி போட்டு ஏறி, இரண்டு கையாலும் ஹாரனை அமுக்கியிருக்கிறாள். பழைய துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டிருக்கிறாள். தன் மதிய உணவில் பாதியை மிச்சம் வைத்து வந்து ஊட்டியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் காலில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, எந்த கிளினிக்ல காட்டினீங்க, யார் மார்க் பண்ணது என்று கேட்டார். அன்று மாலையே அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான்தான் மகனுக்குப் போன் செய்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி, அப்ப தினம் ஹாரன் அடிச்சாருன்னு சொன்னீங்களே சார்.

அதன்பிறகு பொடிசு என்னிடம் தானாகப் பேசுவதில்லை. உன்னிடம் போனில் சிரித்துக்கொண்டே பேசுகிறாள், பார்த்திருப்பாய், போனை வைத்ததும் முகம் அணைந்துவிடும். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், கணக்குச் சொல்லிக்கொடுத்தால் போடுவாள், என்னை நிமிர்ந்து பார்க்கமாட்டாள். உன் அம்மாவிடம் மட்டும், தாத்தா செக்கர், டிப்போவுக்குச் சொல்லிட்டாரு என்றாளாம். நான் போய் டிரைவரைப் பார்த்தேன். காய்ச்சலோடு அனத்திக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், "வாத்தியாரே, கண்டக்டர் எம்மேல கோவமா இருக்காளா?" என்றார். உங்கள்மேல் இல்லை, என்மேல்தான் என்றேன். சிரிக்கப் பார்த்தார். அப்புறம், டிப்போவுக்குச் சொன்னது சரிதான்னு டிரைவரே சொன்னாருன்னு சொல்லுங்க, நான் அந்தப் பிள்ளைக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லியிருக்கக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார், கை அடுப்புக் கல் மாதிரிச் சுட்டது. வந்து அப்படியே சொன்னேன். அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அவர் சொன்னா அவரே வந்து சொல்லட்டும்" என்றாள்.

அவரால் வரமுடியாது. காய்ச்சல் இறங்கினால் மகன் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே தன் ஊருக்குக் கூட்டிப்போகிறான், இறங்காவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் வாயைத் திறந்து சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டில் எது நடந்தாலும் இந்த வாரம்தான். பார்வையாளர் நேரத்தில் பிள்ளையைக் கொஞ்ச நேரம் அழைத்து வரலாம் என்று வார்டு நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். ஒத்தக் காலோட கெடக்கற மனுஷனைப் பிள்ளைக்குக் காட்டுவீங்களா, புத்தி இருக்கா என்கிறாள் உன் அம்மா. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பார்க்காவிட்டால் அந்த ஆஸ்பத்திரி அறையில் இருப்பதாகத் தானே ஒன்றைக் கற்பனை செய்துகொள்வாள், அது நாம் காட்டுவதைவிடப் பயங்கரமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பெற்றவள் நீ. நீ சரி என்று சொல்லாமல் அவளை அங்கே அழைத்துப் போகமாட்டேன்.

முடிவு செய்யும் முன் இன்னொன்றையும் தெரிந்துகொள். போன வாரம் அவள் வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டே திரிந்தாள், கேட்டால் குளிருது என்றாள். உன் அம்மா பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் காலமெல்லாம் உட்கார்ந்தவள், கள்ளச் சில்லறை மாதிரி கள்ளப் பதிலும் அவளுக்குத் தெரியும். பிடித்து உட்கார வைத்துக் கழற்றிப் பார்த்தாள். குதிகாலில் கண்ணாடிச் சில் கீறிய காயம், உடைந்த டம்ளரை மிதித்திருக்கிறாள், டிரைவருக்குக் கட்டியது போலவே துணியைக் கிழித்துத் தானே கட்டியிருக்கிறாள், ஓரம் சிவந்து வீங்கியிருந்தது. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியெல்லாம் உன் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பாட்டி, டாக்டர்கிட்ட சொல்லாதீங்க, சொன்னா வெட்டிடுவாங்க, தாத்தாகிட்ட சொல்லவே சொல்லாதீங்க என்று கெஞ்சியிருக்கிறாள். கட்டுத் துணியை நறுக்க நர்ஸ் கத்தரியை எடுத்ததும் அவள் போட்ட அலறல் தெருவுக்குக் கேட்டதாம். காயம் ஆறிவிட்டது, அதற்காகக் கவலைப்படாதே. புண்ணால் அவர் கால் போகவில்லை, நான் சொன்னதால் போயிற்று என்று அவள் மனத்தில் பதிந்திருக்கிறது. இனி தனக்கு எது நேர்ந்தாலும் யாரிடமும் சொல்லமாட்டாள் மகளே, எனக்கு உறக்கம் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

நீ கோடையில் வந்து அவளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. முடிந்தால் அதற்கு முன்னால் ஒருமுறை வா. விடுப்புக் கிடைக்காது என்று தெரிந்துதான் கேட்கிறேன். அதுவரை அவளிடம் பேசும்போது மரம், கிளை, கதை எதுவும் வேண்டாம், என் பழக்கம் உனக்கும் கொஞ்சம் உண்டு. வலித்தால் அம்மாவிடம் சொல், அம்மா வெட்ட விடமாட்டேன் என்று நேராகச் சொல், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல். நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, நோய் நொடி அண்டாமல், பிள்ளையோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிற நாள் சீக்கிரம் வரட்டும் என்று வாழ்த்துகிறோம். உன் அம்மாவும் சொல்லச் சொன்னாள், நேரத்துக்குச் சாப்பிடு என்றும் சேர்த்து.

ஒன்றை மறந்துவிடாதே. இதைப் படித்ததும் எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு, அவள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்துக்குக் கூப்பிடு, முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதே. இன்று காலை பள்ளி வேனில் ஏறியதும் எங்களுக்கு வலது கையை ஆட்டினாள். நேற்றிலிருந்து இடது கை சட்டைப் பையைவிட்டு வெளியே வரவில்லை. உன் அம்மா பிடித்து இழுத்துப் பார்க்கலாம், நான் வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறேன். உன்னிடமாவது அவளாகவே காட்டுகிறாளா பார். காட்டாவிட்டால் வைத்துவிட்டு எனக்குச் சொல், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உன் அப்பா